கோவக்காரி நிலாவை எனக்குப் பிடிக்கும்



இந்த மாதம் நான் எழுதுவது ஒரு விஞ்ஞான நாவலைப் பற்றி. பெயர் 'என் இனிய இயந்திரா'. எழுதியவர் சுஜாதா. பேரைப் பார்த்துட்டு பெண் எழுத்தாளர்னு நினைச்சிடாதீங்க! அவருடைய இயற்பெயர் ரங்கராஜன். மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். பெங்களூருவில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்தவர். ஓட்டுப்போடும் மின்னணு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. 2008-ல் காலமானார். 1980களில் இந்தக் கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தது.

கதை நடப்பது 2020களில். அவருக்கு அது எதிர்காலம், நமக்கு அது இந்தக் காலம். ஜீவா என்ற ஒருவர்தான் நாட்டையே ஆள்கிறார். எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். குழந்தை பெத்துக்கணும்னாலும் அரசாங்கத்திடம் அனுமதி வாங்கணும். நிலாவுக்கு அனுமதி கிடைக்கிறது. ஆனால் அவள் கணவன் சிபி காணாமல் போய்விடுகிறான். அதற்கப்புறம் என்ன ஆகுதுன்னு நான் சொல்ல மாட்டேன். படிச்சுத் தெரிஞ்சுக்கோங்க.

எங்கள் வகுப்பில் இந்தக் கதையைப் படித்தவர்கள் எல்லாரும் ஜீனோதான் ஹீரோன்னு சொல்றாங்க. ஜீனோ ஒரு இயந்திர நாய். பேசும், புத்தகம் படிக்கும், கிண்டல் பண்ணும். எனக்கும் அதைப் பிடிக்கும். ஆனால் கதையை நகர்த்துவது நிலாவின் கோவம்தான் என்பது என் கருத்து. முதலில் அவள் பயப்படுகிறாள், அழுகிறாள். அழுது பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் கோவப்படுகிறாள். எல்லாரும் கும்பிடுகிற ஜீவா மேலேயே கோவப்படுகிறாள். அவள் 'போனது போகட்டும்'னு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் ஜீனோவுக்கு என்ன வேலை?

"பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு கோவம் ஆவாது"ன்னு எங்க ஆயா சொல்லும். திருக்குறளிலும் வெகுளாமை என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. அதில் வள்ளுவர் முதலில் என்ன சொல்கிறார்? நம் கோவம் பலிக்கிற இடத்தில், அதாவது நம்மைவிட எளியவர்களிடம், அதை அடக்கணும் என்கிறார். தம்பியை அடிப்பதும் சோத்துத் தட்டைத் தள்ளிவிடுவதும் அந்தக் கோவம். அது தப்புதான். நம்மைவிடப் பெரியவங்ககிட்ட கோவப்பட்டால் நமக்கே கெடுதல் என்றும் அவர் எச்சரிக்கிறார். நிலாவுக்கும் ஆபத்து வருகிறது. ஆனால் பாரதியார் புதிய ஆத்திசூடியில் கோவத்தையும் பழகச் சொன்னார். பழகணும்னா என்ன அர்த்தம்? யாரிடம், எதற்கு, எப்படிக் கோவப்படணும்னு கத்துக்கணும். நிலா கத்துக்கிட்டது அதைத்தான்.

இது வெறும் கதைதானே என்று கேட்கலாம். யார் பிறக்கலாம்னு கதையில் அரசாங்கம் முடிவு பண்ணுது. நம்ம பக்கம் அதைக் குடும்பமே முடிவு பண்ணிய காலம் இருந்தது. பெண் குழந்தை வேண்டாம்னு கொன்றார்கள். அதைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது நம்ம சேலம் மாவட்டத்தில்தான். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணான்னு பார்த்துச் சொல்வது குற்றம் என்று 1994-ல் சட்டமும் வந்தது. அந்தக் குழந்தைகளால் கோவப்பட முடியவில்லை. அவர்களுக்காக யாரோ கோவப்பட்டதால்தான் இதெல்லாம் வந்திருக்கும்.

இப்போது நாம் ஒன்பதாம் வகுப்பு. "பத்தாவது போதும், மாப்பிள்ளை பாத்தாச்சு" என்று சில வீடுகளில் இன்னமும் பேசுகிறார்கள். மரவள்ளிக் காட்டு வேலைக்கு ஆள் இல்லைன்னு பையனை விட்டுட்டுப் புள்ளையைத்தான் நிறுத்துறாங்க. அப்போது அறைக்குள் போய் அழுதால் போதுமா? நிலா மாதிரி 'ஏன்?'னு கேட்கணும். மரியாதையாவே கேட்கலாம். சத்தம் போடத் தேவையில்லை. 18 வயசுக்கு முன்னாடி பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம்னு சொல்லலாம். வீட்டில் கேட்கலைன்னா டீச்சரிடம் சொல்லலாம். 1098-க்குப் போன் பண்ணலாம், காசு கிடையாது.

பையன்களும் இந்தக் கதையைப் படிக்கணும். அக்கா தங்கச்சி கோவப்பட்டால் "வாயாடி"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, எதுக்குக் கோவம்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

படித்து முடித்தவர்கள் 'மீண்டும் ஜீனோ' என்ற அடுத்த பாகத்தையும் தேடிப் படியுங்கள். ஜீனோ உங்களைச் சிரிக்க வைக்கும், நிலா யோசிக்க வைப்பாள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி