இரத்தத்தில் வந்ததல்ல, உழைப்பில் வந்தது

மொஹாக் மக்கள் பிறவியிலேயே அச்சமறியாதவர்கள் என்பது வட அமெரிக்க முதலாளித்துவ ஏடுகள் தலைமுறைகளாக ஓதிவரும் புகழுரை. புகழுரைதான், ஆனால் அதன் உள்ளே ஒரு களவு இருக்கிறது.

கனடாவின் மாண்ட்ரீல் நகரருகே செயின்ட் லாரன்ஸ் ஆறு பாறைகளின் மீது நுரைத்துப் பாய்கிறது. லாஷீன் விரைவோட்டம் என்பது அதன் பெயர். 1825இல் அதைச் சுற்றிக் கால்வாய் வெட்டிய பின்னரும், ஆற்றோடு இறங்கும் மரத்தெப்பங்களும் பயணிகள் நீராவிக் கப்பல்களும் அவ்வழியே வந்தன. அவற்றைச் செலுத்தியவர்கள் தென்கரையிலுள்ள கானவாகே ஊரின் மொஹாக் மீகாமர்கள். ஓட்டத்தைவிட வேகமாகச் சென்றால்தான் சுக்கான் பிடிக்கும், தயங்கினால் பாறை. நீர்மட்டம் ஏறி இறங்க வழியும் மாறும். அலையின் மடிப்பைக் கண்டே அடியிலுள்ள கல்லை அறிய வேண்டும். தந்தையிடமும் மாமனிடமும் துடுப்புப் பிடித்துக் கற்ற இந்த அறிவுக்கு ‘இயல்பூக்கம்’ என்று பெயரிட்டவன், அதைக் கல்வியாக மதிக்க வேண்டியதில்லை. உரிமையாக ஏற்கவும் வேண்டியதில்லை.

பேரரசு மட்டும் அதன் மதிப்பை நன்கு அறிந்திருந்தது. சூடானில் மாஹ்தியின் கிளர்ச்சிப் படை கார்ட்டூம் நகரில் ஜெனரல் கார்டனை முற்றுகையிட்டபோது, 1884இல் நைல் நதியில் படகுகளை ஏற்றிச் செல்லக் கனடியப் படகோட்டிகளைக் கேட்டார் வோல்ஸ்லி. சென்றவர்களுள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கானவாகேயினர். நிலம் பறிகொடுத்தவர்களே, நிலம் காக்க எழுந்தவர்களுக்கு எதிரான படைக்குத் துடுப்புப் போட்டனர். அவர்களைத் துரோகிகள் என்பது எளிது. கூலிக்குச் சென்ற தொழிலாளர் அவர்கள். 1885இல் இதே போருக்காக இந்தியச் சிப்பாய்களும் சுவாக்கின் துறைமுகத்தில் இறக்கப்பட்டதை நாம் மறக்கலாகாது. கார்ட்டூம் 1885 ஜனவரி 26இல் வீழ்ந்தது. ஊர் திரும்பிய லூயி ஜாக்சன் என்ற மொஹாக் தலைமைப் படகோட்டி அப்பயணத்தைப் பற்றி ஒரு சிறுநூலே எழுதினார். இயல்பூக்கம் நூல் எழுதுமா?

அதே புகழுரை பின்னர் ஆற்றிலிருந்து இரும்புப் பாலத்திற்கு ஏறியது. 1907 ஆகஸ்ட் 29இல் கட்டுமானத்தில் இருந்த கியூபெக் பாலம் சரிந்து 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; 33 பேர் கானவாகேயினர். அவர்களைக் கொன்றது உயரமன்று. பாலத்தின் எடையைத் தவறாகக் கணக்கிட்ட பொறியியல்.

இறுதியில் ஆறும் போயிற்று. 1950களில் செயின்ட் லாரன்ஸ் கடல்வழித் திட்டம் கானவாகேயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கரை, மக்களின் எதிர்ப்பை மீறிக் கையகப்படுத்தியது. 1959இல் எலிசபெத் அரசியும் ஐசன்ஹோவரும் கூடித் திறந்துவைத்தனர். மீகாமர்களின் பேரப்பிள்ளைகள் தம் ஊரின் கரையில் நின்றால் முதலில் காண்பது ஆறன்று, சரக்குக் கப்பல்களின் கால்வாய்.