பெட்ரோல் பணத்தில் போட்ட சைக்கிள் பாதை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் என்றொரு மாநிலம். அதன் கடலோரத்தில் மவுண்ட் டெசர்ட் என்றொரு தீவு. அகேடியா தேசியப் பூங்காவின் பெரும்பகுதி இந்தத் தீவில்தான் இருக்கிறது. பூங்காவுக்குள் சுமார் 72 கிலோமீட்டர் நீளத்துக்குச் சல்லிக்கல் பாதைகள், காட்டுக்குள்ளும் ஏரிக்கரைகளிலும் வளைந்து வளைந்து போகின்றன. காருக்கும் மோட்டார் பைக்குக்கும் அங்கே அனுமதி கிடையாது. நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், குதிரையில் போகலாம். அவ்வளவுதான்.

இப்படி ஒரு பாதையைப் போட்டவர் யாரோ பெரிய இயற்கை ஆர்வலராக இருப்பார் என்றுதான் தோன்றும். போட்டவர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர்! ஆமாம், ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் வாரிசேதான். ஊரெல்லாம் கார் ஓட எண்ணெய் விற்ற குடும்பத்தின் காசில், கார் ஓடக்கூடாத ரோடு. இதைவிடப் பெரிய வேடிக்கை வேண்டுமா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தீவில் கார்களுக்குத் தடை இருந்தது. கோடையில் வந்து தங்கும் பணக்காரர்களுக்குப் புகையும் சத்தமும் பிடிக்கவில்லை. ஆனால் தடை நிலைக்கவில்லை. 1915-க்குள் தீவு முழுவதும் கார்கள் வந்துவிட்டன. ராக்ஃபெல்லருக்குக் குதிரை வண்டி ஓட்டுவதில் தனி விருப்பம். பொது ரோட்டில் இனி நிம்மதியாக ஓட்ட முடியாது என்று தெரிந்ததும், 1913-லேயே சொந்த நிலத்தில் வேலையைத் தொடங்கிவிட்டார். 1940 வரை அந்த வேலை நடந்தது. அவர் காருக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். அதே பூங்காவில் கார்கள் சுற்றிவரும் சாலைக்கும் அவர் பணம் கொடுத்திருக்கிறார். காருக்கு ஒரு வழி, குதிரைக்கு ஒரு வழி, இரண்டும் ஒன்றோடொன்று மோதக்கூடாது. அவர் கணக்கு அதுதான்.

சைக்கிள்காரர்களுக்கு அடித்த அதிர்ஷ்டம் இங்கேதான் இருக்கிறது. குதிரைக்கு என்னென்ன வேண்டுமோ, ஏறக்குறைய அதெல்லாம் சைக்கிளுக்கும் வேண்டும். ஆட்களை ஏற்றிய வண்டியைக் குதிரை மூச்சு வாங்காமல் இழுக்க வேண்டும் என்றால் ஏற்றம் செங்குத்தாக இருக்கக்கூடாது. அதனால் பாதை மலையில் நேராக ஏறாமல் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. கால் வலுவில்லாதவரும் மெதுவாக மிதித்துப் போய்விடலாம். எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஒதுங்க இடம் வேண்டும் என்று 16 அடி அகலம். குளம்பு வழுக்காமல், மழையில் சேறாகாமல் இருக்கப் பெரிய கல், சின்னக் கல் என்று அடுக்கடுக்காகப் போட்டு, நடுவில் சற்று உயர்த்தி, இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். நல்ல மழைக்குப் பிறகும் டயர் புதையாது. ஓடைகளையும் பள்ளங்களையும் தாண்ட கல் முகப்பு வைத்த 17 பாலங்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஓரத்தில் வரிசையாக நட்ட கருங்கற்களுக்கு 'ராக்ஃபெல்லரின் பற்கள்' என்று பட்டப்பெயரே உண்டு.

எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. 1920-களில் பென்சில்வேனியா செனட்டர் ஜார்ஜ் வார்ட்டன் பெப்பர் கடுமையாக எதிர்த்தார். காட்டைக் காடாக விட வேண்டும், ரோடு போட்டால் அதன் தன்மையே போய்விடும் என்பது அவர் வாதம். அதை அபத்தம் என்று தள்ளிவிட முடியாது. மலையை வெட்டி, பாறையை உடைத்துத்தான் இந்தப் பாதை வந்தது. வெட்டிய இடம் வெளியே தெரியாதபடி ஓரங்களில் எதை நட வேண்டும் என்று பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் என்ற புகழ்பெற்ற தோட்டக்கலைஞர் ஆலோசனை சொன்னார். இன்றைக்கு அந்த வழியாகப் போகிறவர்கள் 'ஆஹா, இயற்கை!' என்று வியப்பதில் பாதி, மனிதர்கள் திட்டம் போட்டுச் செய்தது.

செய்தால் மட்டும் போதுமா? பராமரிக்க வேண்டாமா? ராக்ஃபெல்லர் 1960-ல் இறந்த பிறகு வாய்க்கால்கள் தூர்ந்தன, மேல்பரப்பு அரித்துப் போனது, மரங்கள் வளர்ந்து ஏரியும் கடலும் தெரிகிற இடங்களை மறைத்தன. 1992-லிருந்து 1995 வரை அரசுப் பணமும் நன்கொடையும் சேர்த்துப் பெரிய அளவில் சீரமைத்தார்கள். 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் அகேடியா' என்ற அமைப்பு இதற்கென்றே ஒரு நிரந்தர நிதியும் வைத்திருக்கிறது.

இப்போது சர்ச்சைக்குரிய விஷயம், மின்சார சைக்கிள். மிதித்தால் மட்டும் மோட்டார் உதவுகிற முதல் வகைக்கு அனுமதி உண்டு. மிதிக்காமலே ஓடுகிற வகைக்கு இல்லை. வேகம் மணிக்கு சுமார் 32 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. இதையும் தடை செய்ய வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியாகப் படவில்லை. முழங்கால் வலியோடு இருக்கும் எழுபது வயதுக்காரர் ஈகிள் ஏரியை ஒரு சுற்று சுற்றிவந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? குதிரை மிரளுவது வேகத்தால்தான். பேட்டரி இல்லாத சைக்கிளில் இறக்கத்தில் பாய்ந்து வருகிற இளைஞரும் அதே தவறைத்தான் செய்கிறார். பிடிக்க வேண்டியது வேகத்தை.

உண்மையான தலைவலி பாதைக்குள் இல்லை, வாசலில் இருக்கிறது. அகேடியாவின் பரப்பு சுமார் 200 சதுர கிலோமீட்டர். 2021-ல் ஒரே ஆண்டில் 40 லட்சம் வருகைகளைத் தாண்டியது. யெல்லோஸ்டோன் பூங்கா இதைப்போல நாற்பது மடங்குக்கும் மேல் பெரியது. அங்கே அந்த ஆண்டு வந்தவர்கள் 48 லட்சம். அப்படியென்றால் அகேடியாவில் நெரிசல் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்! காடிலாக் மலை உச்சிக்குக் காரில் போக 2021 முதல் சீசனில் முன்பதிவு கட்டாயம். கார் இல்லாத பாதையில் மிதிக்க ஆசைப்பட்டு, கார் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து, நிறுத்த இடமில்லாமல் ஈகிள் ஏரி வாசலில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். பாதையில் காரை நிறுத்தியாகிவிட்டது, பாதைக்கு வருகிற வழியில் நிறுத்தவில்லை.

இதற்கு மருந்து 1999-லேயே வந்துவிட்டது. 'ஐலண்ட் எக்ஸ்ப்ளோரர்' என்ற இலவச பஸ். பார் ஹார்பர் ஊரிலிருந்து சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஈகிள் ஏரிக்குப் போக, 'பைசைக்கிள் எக்ஸ்பிரஸ்' என்று தனி வண்டியே விடுகிறார்கள். வாகன நிறுத்துமிடத்தைப் பெரிதாக்கச் சொல்கிறவர்கள், அந்தப் பணத்தை இந்த பஸ்ஸுக்குக் கேட்கலாம். ஏனென்றால் பஸ் ஜூன் கடைசி வாக்கில் தொடங்கி அக்டோபர் நடுவில் நின்றுவிடுகிறது. இலை நிறம் மாறுவதைப் பார்க்க அதற்குப் பிறகும் கூட்டம் வருகிறது, பழையபடி காரில்.