அயலார் ஏற்கும் பொறுப்பு

2022 செப்டம்பரில், மாஹ்ஸா அமினி என்னும் இளம்பெண் டெஹ்ரானில் போலீஸ் காவலில் நினைவிழந்து, பின்னர் ஆஸ்பத்திரியில் மாண்டதைக் கண்டித்து ஈரான் நாட்டு ஜனங்கள் வீதியில் இறங்கியபோது, அந்நாட்டு அரசாங்கம் செய்த முதற்காரியங்களுள் ஒன்று, வாட்ஸ்அப்பையும் இன்ஸ்டாகிராமையும் முடக்கியதாகும். கிளர்ச்சியை ஒடுக்குவதற்காகத் தாயும் மகனும் க்ஷேமம் விசாரித்துக்கொள்ளும் சாதனத்தையே பறிப்பது எவ்வித ராஜதர்மத்துக்கும் ஒவ்வாது.

இந்த அநீதிக்கு ஒரு பரிகாரமாக 2023 ஜனவரியில் வாட்ஸ்அப் நிறுவனம் ப்ராக்ஸி இணைப்பு வசதியை அளித்தது. தடைக்குள்ளான சர்வரை நேரே நாடாமல், தடையற்ற தேசமொன்றில் யாரோ ஒரு தொண்டர் நடத்தும் கணினியின் வழியே செய்தியை அனுப்பிப் பெறுவதே இதன் தத்துவம். செட்டிங்ஸில் சேமிப்பும் டேட்டாவும் குறித்த பகுதியைத் திறந்து, ப்ராக்ஸி என்பதைத் தேர்ந்து, தொண்டர் தந்த முகவரியைப் பதிந்தால், இணைப்புக் கூடியதற்கு அடையாளமாகச் சரிக்குறி ஒன்று தோன்றும். தோன்றாவிடில், அந்த முகவரியையும் அதிகாரிகள் அடைத்திருக்கக்கூடும்.

ஒட்டிய உறையைப் பிரிக்காமல் உரியவரிடம் சேர்ப்பிக்கும் அயலாரைப் போன்றவர் இந்தத் தொண்டர். செய்திகள் சங்கேதமாக்கப்பட்டே செல்வதால் அவற்றின் உள்ளடக்கத்தை அவர் வாசிக்க இயலாது. ஆனால் நம் ஐ.பி. முகவரி அவர் கண்ணுக்குத் தப்பாது. வேவு பார்ப்போரும் தொண்டர் வேஷம் பூணலாம் என்பதால், கண்ட இடத்தில் கிடைத்த முகவரியை நம்பாமல், நன்கு அறிந்தவரிடமிருந்து அந்தரங்கமாகப் பெற்றதையே பயன்படுத்துவது விவேகம். பகிரங்கமாக உலவும் முகவரி அதிகாரிகளின் கைக்கும் எளிதில் எட்டிவிடும் என்பதும் கருதத்தக்கது.

இந்த உபாயத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2019 நவம்பரில் ஈரானில் நேர்ந்ததுபோல், இன்டர்நெட்டையே அநேகமாக முற்றிலும் துண்டித்துவிட்டால், ப்ராக்ஸியால் ஆவது ஒன்றுமில்லை. 2022-இல் வாட்ஸ்அப் மீது விதித்த தடையை ஈரான் 2024 டிசம்பரில்தான் விலக்கிற்று. ஆகவே, பேச்சுரிமையைக் காக்கும் கடமை சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரியதேயன்றி, தொண்டர்களின் தலையில் சுமத்திவிடத்தக்கதன்று. எனினும், நீதி வரும்வரை ஜனங்கள் ஊமைகளாய் இருக்க வேண்டுவதில்லை. ப்ராக்ஸி நடத்துவதற்கான மென்பொருள் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. சுதந்திர தேசங்களில் வாழ்பவருள், ஒரு சர்வரை நடத்தத்தக்க வசதியும் ஞானமும் உடையோர், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் க்ஷேமச் செய்திக்காக அதனைத் திறந்துவைப்பார்களாயின், அதுவே இக்காலத்துக்கு உகந்த பரோபகாரம் என்பது என் திடமான அபிப்பிராயம்.