ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தெட்டு ரூபாய்!

தமிழ்த் தொழிலாளக் குடும்பங்களே!

2024 மே 19-ஆம் தேதி விடியுமுன், புனே கல்யாணி நகரில் ஒரு வெளிநாட்டுக் கார் மோதி, மத்தியப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்த இரண்டு இளம் எஞ்சினியர்கள் மாண்டார்கள். ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவன் பதினேழு வயதுப் பையன். முந்நூறு வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்ததை நாடே பேசிற்று. அந்தக் காருக்கு நிரந்தர நம்பரே இல்லை என்பதை எத்தனை பேர் பேசினார்கள்?

மார்ச் மாதம் பெங்களூர் வியாபாரி ஒருவர் இறக்குமதி செய்து, தற்காலிகப் பதிவோடு இங்கே அனுப்பிய கார் அது. மின்சார வண்டி என்பதால் மகாராஷ்டிரத்தில் சாலை வரி விலக்கு. பாக்கி நின்றது கட்டணம் மட்டும்: கடன் பதிவுக்கு 1,500, ஆர்.சி. அட்டைக்கு 200, தபாலுக்கு 58. ஆக மொத்தம் ரூ.1,758. கோடிக்கு மேல் விலையுள்ள கார் இந்தக் காசு கட்டாமலே நகரத்தில் ஓடிற்று. இரண்டு உயிர் போன பிறகுதான் அந்தக் கணக்கு வெளியே வந்தது!

இனி நம் கதையைப் பாருங்கள். காட்கியிலும் தாபோடியிலும் கோர்ப்படியிலும் இருக்கிற நம் ஆட்கள் ஊரில் வாங்கிய மொபெட்டை ரயிலில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். டி.என். பலகையைக் கண்டதும் சிக்னலில் கை நீளுகிறது. "ஏன் எம்.எச். நம்பர் மாற்றவில்லை?" கொத்து வேலைக்குப் போகிறவன் அன்றைய கூலியில் பாதியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் புது நம்பர் வாங்க வேண்டும். அதற்குமுன் நம்பரை மாற்று என்று கட்டாயப்படுத்த எவருக்கும் அதிகாரமில்லை.

பன்னிரண்டு மாதம் முடிந்தால் தொடங்குகிறது அலைச்சல். 28-ஆம் பாரத்தில் சொந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, கடன் இருந்தால் பாங்கின் சம்மதம், இங்கே 27-ஆம் பாரம், வாடகை ஒப்பந்தம். வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தராவிட்டால் எங்கே போவது? இங்கே முதலில் வரியைக் கட்ட வேண்டும். ஊரில் கட்டிய ஆயுள் வரியின் மிச்சத்தைப் பிறகு அங்கே கேட்டு வாங்க வேண்டும். அதாவது, திரும்பி வரும்வரை ஒரே வண்டிக்கு இரண்டு சர்க்காருக்கு வரி!

இந்தத் தொல்லை தீரத்தான் 2021-இல் மத்திய அரசு 'பி.எச்.' நம்பரைக் கொண்டுவந்தது. மாநிலம் மாறினாலும் நம்பர் மாற்ற வேண்டாம். வரியும் இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டலாம். யாருக்கு? ராணுவத்தாருக்கு, அரசு ஊழியருக்கு, நாலு மாநிலங்களிலாவது ஆபீஸ் வைத்திருக்கிற கம்பெனிக்காரருக்கு. ரயில்வேக்காரர்களான எங்களுக்கு உண்டு. சென்ட்ரிங் வேலைக்காரருக்கும் இட்லிக் கடைக்காரருக்கும் கிடையாது! நாட்டில் அதிகமாக மாநிலம் மாறுகிறவன் கூலிக்காரன்தானே? அதே 2021 ஆகஸ்டில் ஈ-ஷ்ரம் பதிவும் தொடங்கியது. கூலிக்காரனை எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு, அந்த அட்டைக்கு ஒரு நம்பர் பலகை கொடுக்கத் தெரியாதா?

துபாயில் உழைத்துத் திரும்புகிற நம் பிள்ளை அங்கே ஓட்டிய பழைய காரைக் கொண்டுவர நினைத்தால்? ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது இறக்குமதி விதி. துபாய்க் காருக்கு இடப்பக்கம். மூன்று வயதுக்கு மேற்பட்ட கார் கூடாது. வரியோ காரின் விலையையே தாண்டி நின்ற காலம் உண்டு. பணமிருப்பவருக்கு வக்கீல் இருக்கிறார். இங்கிலாந்திலிருந்து ரோல்ஸ்ராய்ஸ் இறக்கிய நடிகர் விஜய் நுழைவு வரியை எதிர்த்து 2012-இல் தொடுத்த வழக்கை சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2021-இல். ஒன்பது ஆண்டுகள்! மொபெட்காரன் ஒன்பது நிமிடம் வாதாடினால் சாவியைப் பிடுங்குகிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். நம் சண்டை மராட்டியத் தொழிலாளியோடு அல்ல. எம்.எச். வண்டியோடு பெங்களூருக்குப் பிழைக்கப் போகிற அவனும் இதே பாரங்களோடு அலைகிறான். அவனையும் சேர்த்துக்கொண்டே கேட்போம்:

ஈ-ஷ்ரம் அட்டைக்கும் கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டைக்கும் பி.எச். நம்பர் கொடு!

மிச்ச வரியைச் சர்க்காரும் சர்க்காரும் நேர் செய்துகொள்ளட்டும். தொழிலாளியை அலைய வைக்காதே!

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: வண்டி எப்போது வந்தது என்பதற்கு ரயில் பார்சல் ரசீதையோ டோல் ரசீதையோ பத்திரப்படுத்துங்கள். இன்ஷூரன்சும் புகைச் சான்றும் காலாவதியாக விடாதீர்கள். ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். ரசீது தர மறுத்தால் இடம், நேரம், தேதியைக் குறித்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். தனியாள் சொன்னால் புகார். நூறு பேர் கையெழுத்திட்டால் அது கோரிக்கை!