டிரம் ஒலியை எதற்குத் தரவிறக்குகிறீர்கள்?

என் மடிக்கணினியில் ஒரு கோப்புறை இருக்கிறது. உள்ளே 11,000 சொச்சம் டிரம் சாம்பிள்கள். கிக் மட்டுமே 2,300. நான்கு வருடச் சேமிப்பு. அந்த நான்கு வருடத்தில் எத்தனை பாட்டு முடித்தாய் என்று கேட்காதீர்கள். ஒன்று. அதுவும் அரைகுறை. எந்தக் கிக்கைப் போடலாம் என்று தேடியே ராத்திரி முடிந்துவிடும்.

"டிரம்முக்குப் போய் எவனாவது சிந்தஸைசர்ல மண்டையை உடைப்பானா? சாம்பிளை எடுத்துப் போட்டுட்டுப் போடா" என்பான் நண்பன். அதையும் மீறி உட்கார்ந்தால் அடுத்த அறிவுரை தயாராக இருக்கும்: கீ டிராக்கிங்கை முதலில் அணைத்துவிடு, எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஒரே ஒலி வரட்டும். இரண்டுமே ஒரே சோம்பலிலிருந்து வருபவை என்கிறேன்.

கீ டிராக்கிங்கில் மந்திரம் ஒன்றுமில்லை. நீங்கள் அழுத்தும் கட்டைக்கு மிடியில் 0 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. நடு ஸி 60. அந்த எண்ணைச் சுருதிக்கு மட்டுமல்ல, வேறு குமிழ்களுக்கும் அனுப்பலாம். 1970இல் வந்த மினிமூகிலேயே ஃபில்டருக்கு இதற்கென்று இரண்டு சுவிட்சுகள் உண்டு. ஒன்று மூன்றில் ஒரு பங்கு, மற்றது மூன்றில் இரண்டு பங்கு, இரண்டையும் போட்டால் முழுசு. 1983இன் யமஹா டிஎக்ஸ்7இல் மேல் கட்டைகளுக்கு என்வலப்பை வேகமாக்கும் வசதி இருந்தது. பியானோவில் மேல் சுரம் கீழ்ச் சுரத்தைவிடச் சீக்கிரம் அடங்குகிறது அல்லவா, அந்த இயற்பியல்தான்.

இப்போது ஒரே ஒரு பேட்ச். ஒரு சைன் அலை, ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் இரைச்சல். கட்டை எண்ணை ஐந்து இடங்களுக்கு அனுப்புங்கள். சுருதி பாதி வேகத்தில் ஏறட்டும்: கட்டைகளில் நான்கு ஆக்டேவ் போனால் 50 ஹெர்ட்ஸ் 200 ஆகும், அவ்வளவுதான். ஒலி அடங்கும் நேரம் 400 மில்லிசெகண்டிலிருந்து 40க்குக் குறையட்டும். கிக்குக்கு அந்த 'தும்'மைத் தரும் சுருதிச் சரிவு மேலே போகப் போக மறையட்டும். சைன் தேய்ந்து இரைச்சல் கூடட்டும். ஃபில்டர் மேலேறட்டும். கீழே கிக், அதற்கு மேல் டாம், அப்புறம் ஸ்னேர், உச்சியில் மூடிய ஹை-ஹேட்.

எனக்கு முக்கியம் இவற்றின் இடைவெளிதான். டாமுக்கும் ஸ்னேருக்கும் நடுவில் பெயரே இல்லாத ஏழெட்டு ஒலிகள் கிடக்கின்றன. எந்த சாம்பிள் பேக்கிலும் அவற்றுக்குக் கோப்புறை இல்லை, பெயர் வைத்த பிறகுதானே கோப்புறை! அடங்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டினால் மொத்த டிரம் செட்டும் சேர்ந்து நீள்கிறது, ஒரே குடும்பம் மாதிரி. என் வேலையில் ஒரு சூத்திரம் போதுமான இடத்தில் 11,000 மதிப்புகளை ஹார்ட்கோட் செய்தால் கோட் ரிவ்யூவில் கிழித்துத் தொங்கவிடுவார்கள். இசையில் அதையே காசு கொடுத்து வாங்குகிறோம்.

"சாம்பிளையும் சுருதி மாற்றலாமே?" மாற்றலாம். ஆனால் சாதாரண சாம்பிளரில் ஓர் ஆக்டேவ் ஏற்றினால் நீளமும் பாதியாகும். எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியவை, தனித்தனியாக அவிழ்க்க முடியாது.

"அசல் டிரம் மாதிரி இருக்காதே?" இருக்காதுதான். 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808இன் ஹை-ஹேட்டும் அசல் இல்லை, ஆறு சதுர அலைகளிலிருந்து வடித்தது. இன்று ஹிப்-ஹாப்பில் '808' என்பது ஒரு பேஸ் ஒலிக்கே பெயர்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மிருதங்கத்தின் வலந்தலை இந்த பேட்ச்சில் வராது. நடுவிலிருக்கும் கறுப்புப் பூச்சு அதன் மேற்சுரங்களை ஏறத்தாழ முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. சி.வி. ராமன் 1920லேயே இதை எழுதிவிட்டார். ஒற்றை சைன் அலை அதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது. அங்கே மைக்கை எடுங்கள், வாசிப்பவர் முன்னால் உட்காருங்கள். அதுவும் தரவிறக்கம் இல்லை.

கோப்புறையை நான் இன்னும் அழிக்கவில்லை. பயம்தான். ஆனால் மூன்று மாதமாகத் திறக்கவில்லை. இரண்டு பாட்டு முடிந்திருக்கிறது.