'பெரும்பகுதி' என்றால் எவ்வளவு?

2018 செப்டம்பர் 23. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தான என்.எஃப்.எல்.லில் ஒரே நாளில் இரு காட்சிகள். பந்தெறியும் குவார்ட்டர்பேக்கான அலெக்ஸ் ஸ்மித்தை கிரீன் பே அணியின் கிளே மேத்யூஸ் வீழ்த்தினார். எடை அவர்மேல் விழுந்ததென்று 15 கஜம் தண்டம். மயாமியின் வில்லியம் ஹேஸோ டெரெக் கார் மீது தம் எடை விழாமல் தவிர்க்க முயன்று, சொந்த முழங்காலின் தசைநாரைக் கிழித்துக்கொண்டார்.

ரசிகர்களின் சினத்தை வன்முறை வேட்கை என்று ஒதுக்குவோர் உளர். அது நியாயமன்று. முந்தைய ஆண்டு ஆரன் ராட்ஜர்ஸின் காறை எலும்பு முறிந்தபோது கலங்கியவர்களும் இந்த ரசிகர்களே. குவார்ட்டர்பேக்குக்குப் பாதுகாப்பு வேண்டாமென்று அவர்கள் சொல்லவில்லை. சிக்கல் விதியின் வாசகத்தில் இருக்கிறது. தடுப்பவர் தம் உடல் எடை முழுவதையோ அதன் பெரும்பகுதியையோ எறிபவர்மேல் இறக்கலாகாதாம். 'பெரும்பகுதி' என்னும் அளவுச்சொல்லுக்கு எல்லை எது? பாய்ந்துவிட்ட நூறு கிலோவுக்கு மேற்பட்ட உடல் அந்தரத்தில் எவ்வளவு விலக இயலும்? இரண்டையும் நடுவர் இமைப்பொழுதில் நிறுத்துச் சொல்ல வேண்டும். பாவம், அவரையும் குறைகூறிப் பயனில்லை. ஆனால் அந்த ஊகத்தின் விலை பெரிது: 15 கஜத்தோடு புதிய முதல் டவுனும் எதிரணிக்குக் கிடைத்துவிடுகிறது.

இத்தனைக்கும், பந்தை உதைப்பவர்மேல் மோதினால் இதே விதிநூல் இரு படிநிலைகளை ஏற்கிறது: சிறு மோதலுக்கு 5 கஜம், முரட்டு மோதலுக்கு 15. உதைப்பவர் விஷயத்தில் நடுவரால் பிரித்தறிய முடிகிறதென்றால், எறிபவர் விஷயத்தில் மட்டும் அவ்வுரிமை ஏன் மறுக்கப்படுகிறது?