"இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்கியா?"



நம் சங்கரன்கோவில் விசைத்தறிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவள், இப்போது பிஎச்.டி. நாலாவது வருஷம். தலைப்பு: பல்ஸ் லோடுகளுக்கான பவர் கன்வெர்ட்டர் கட்டுப்பாடு. கல்யாண வீடுகளில் எல்லோரும் அவளிடம் கேட்பது தலைப்பில் உள்ள கேள்விதான். "இதனால என்ன பிரயோசனம்?" என்றும் சிலர் கேட்கிறார்கள். நிறுத்திவிட்டுக் கல்யாணத்தைப் பார் என்று வீட்டிலும் பேச்சு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிணற்று மோட்டாரைப் போட்டதும் லைட் ஒரு கணம் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கருவி திடீரென அதிக கரண்ட் இழுத்தால் வோல்டேஜ் இறங்கும். சில கருவிகளுக்கு வேலையே இப்படித்தான். கொஞ்ச நேரம் ஏராளமாகக் கேட்கும், பிறகு சும்மா இருக்கும். எக்ஸ்ரே, ரேடார், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் லினாக் எல்லாம் இந்த ரகம். லினாக்கில் ஒரு துடிப்பு சில மைக்ரோ நொடிதான். அதற்குள் மெகாவாட் கணக்கில் சக்தி வேண்டும்.

மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஏற்றி வைத்த தண்ணீர், காலையில் ஊரே குழாயைத் திறந்தாலும் தாங்குகிறது. இங்கே தொட்டி என்பது கெப்பாசிட்டர். நிரப்புவதும் திறப்பதும் கன்வெர்ட்டரின் பொறுப்பு. அடுத்து எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டியே கணித்து, நொடிக்குப் பல ஆயிரம் முறை சுவிட்சுகளை இயக்கும் கணக்குதான் அவள் ஆராய்ச்சி.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஒரு துகள் முடுக்கியின் காந்தங்களுக்கு உச்சத்தில் சுமார் 60 மெகாவாட் வேண்டும். பல ஆண்டுகள் ஒரு பிரம்மாண்டமான சுழலும் இயந்திரம் அதைக் கொடுத்தது. 2011இல் அந்த வேலையைக் கெப்பாசிட்டர்களும் கன்வெர்ட்டர்களும் ஏற்றுக்கொண்டன. காந்தத்திலிருந்து திரும்பும் சக்தியும் கெப்பாசிட்டருக்கே போய்ச் சேர்கிறது.

நம் நாட்டில் சமீர் நிறுவனம் லினாக்கை உள்நாட்டிலேயே செய்தது. ஆனாலும் நம் ஆஸ்பத்திரிகளில் இருப்பவை பெரும்பாலும் இறக்குமதிதான். இந்த நிலை மாற, இந்த வேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர் வேண்டும்.

வருமானம் குறைவு என்பது உண்மை. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அரசு இதைப் பலருக்கும் விரிவாக்க வேண்டும். மாதாமாதம் தவறாமல் கொடுக்கவும் வேண்டும்.

கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாவு ஏற்றிப் பாதிக்கு மேல் நெய்த சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுக்க நம் ஊரில் யார் சம்மதிப்பார்கள்? முடிக்கட்டும். அதுவரை அவளைக் கண்டால், "ஆராய்ச்சி எப்படிம்மா போகுது?" என்று கேளுங்கள்.

என் மாணவர்களில் பவர் எலக்ட்ரானிக்ஸ் துறையில் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். அவளுக்கு வழிகாட்ட நாலு பேர் வேண்டும்.